உலர் திராட்சை காட்டிய ஆறாவது சுவை

சென்ற தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றின் முற்பகல். இடம், கோலார் தங்கவயலின் ஆண்டர்சன்பேட்டையில் உள்ள எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை. நான் கூறப்போகும் நிகழ்ச்சி முழுவதும் அந்த மேசையைச் சுற்றியே நடந்தது. ஒருவரும் எங்கும் பயணம் போகவில்லை. எவர் உயிருக்கும் திடீர் இடர் நேரவில்லை. ஆயினும் எழுபதைக் கடந்த என் வாழ்நாளில் என்னை அவ்வாறு உலுக்கிய நாள் வேறொன்று உண்டா என்று எண்ணிப் பார்க்கிறேன். விடை எளிதில் கிடைப்பதில்லை.

வட ஆர்க்காட்டிலிருந்து சுரங்க வேலைக்கு வந்த குடும்பம் எங்களுடையது. என் தந்தையார் காலத்திலேயே பௌத்தம் தழுவினோம். அவர் விகாரைக்குள் நுழைந்ததே சாராயக் கடையிலிருந்து வெளியேறத்தான் என்று என் தாயார் சொல்வதுண்டு. அதற்கு முன்பு, சம்பள நாளன்று அந்தக் கடை வாசலில் தந்தையைத் தேடி நின்ற பிள்ளைகளுள் நானும் ஒருவன். பிற்காலத்தில் தமிழாசிரியனாகப் பணியாற்றி ஓய்வு பெற்றேன். முழுநிலா நாள்தோறும் எங்கள் விகாரையில் ஐந்து சீலங்களையும் நான் முன்மொழிய, கூடியிருப்போர் பின்மொழிவர். ஐந்தாவது சீலம், மயக்கும் பொருள்களிலிருந்து விலகி நிற்பது. அதைச் சொல்லும்போது என் குரல் சற்று உயரும் என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். அத்தகைய என் வீட்டு மேசைமீது இத்தாலி நாட்டுத் திராட்சை மதுப் புட்டிகள் மூன்று நின்றன என்றால், அதற்குக் காரணம் என் மனைவியின் நாவு.

அந்தத் தைக்குப் பதினைந்து மாதம் முன்பு, ஐப்பசி மழையில் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் ஒரு வாரத்தில் போயிற்று. போகும்போது மணத்தையும் சுவையையும் உடன் கொண்டு போயிற்று. தாளிக்கும்போது கடுகு வெடிக்கும் ஓசை கேட்கும், வாசனை வராது. சோறும் குழம்பும் ஈரமான ஏதோ ஒன்றாய்த் தொண்டைக்குள் இறங்கும், அவ்வளவே. மருத்துவர் சோதனைகள் செய்துவிட்டு, நாளடைவில் திரும்பலாம், பொறுத்திருங்கள் என்றார். வெளியே வந்ததும் அவள் சொன்னாள்:

"மைன் மூடினாங்கல்ல, அதே மாதிரி என் நாக்கையும் மூடி பூட்டு போட்டுட்டாங்க. கேட்டா இந்த டாக்டரும் ஆபீஸர் மாதிரி 'பாக்கலாம், பாக்கலாம்'ன்றாரு."

அவள் சுரங்கத் தொழிலாளியின் மகள். பேச்சில் சுரங்கம் வராமல் இராது. அவளுடைய தந்தையார் ஒருமுறை ஆழத்தில் பாறை வெடித்துச் சரிந்தபோது உள்ளே அகப்பட்டுக்கொண்டவர். அவ்விபத்தை இங்கே 'ஏர்பிளாஸ்ட்' என்பார்கள். மீட்கப் போனவர்கள் காற்றுக் குழாயைச் சுத்தியலால் தட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்பார்களாம். உள்ளே உயிரோடு இருப்பவர் பதிலுக்குத் தட்டுவார். ஷாஃப்ட் எனப்படும் சுரங்கக் குழியின் வாயில் தாயின் சேலையைப் பற்றிக்கொண்டு நின்ற சிறுமியிடம், "உள்ள இருந்து தட்றாங்க" என்ற செய்திதான் முதலில் மேலே வந்தது. தந்தையார் அதற்கு அடுத்த நாள்தான் வந்தார். திருமணமான புதிதில் அவள் எனக்குச் சொன்ன முதல் கதை இது.

சுவை போனது முதல் அவள் உணவு சுருங்கத் தொடங்கியது. மூன்று இட்டிலி இரண்டாகி, இரண்டு ஒன்றாகி, அந்த ஒன்றும் தட்டிலேயே ஆறிக் கிடந்தது. வளையல்கள் முழங்கை வரை ஏறி இறங்கின. வளை நெகிழ்வதைப் பற்றி வகுப்பில் பன்முறை விளக்கியவன் நான். பிரிவுத் துயரால் வருவது என்று எழுதிப் போட்டிருக்கிறேன். சோற்றைப் பிரிந்தவளுக்கும் அவ்வாறே நெகிழும் என்பதை என் வீட்டில்தான் கண்டேன்.

ஆனால் சமையலை அவள் விடவில்லை. பழக்கத்தால் கை அளந்தது. நாவு சரிபார்க்காததால் அளவு ஏறிக்கொண்டே போயிற்று. குழம்பு கடலாயிற்று. "உப்பு இக்குதா?" என்பாள். "அளவாக உள்ளது" என்பேன். அவள் ஒருநாள் என்னை ஏற இறங்கப் பார்த்துக் கேட்டாள்: "அளவா இக்குதுன்னா இன்னாத்துக்கு சொம்புத் தண்ணி காலியாவுது?" நான் வெயிலைக் காரணம் காட்டினேன். அது மார்கழிக் குளிர். அவள் சொம்பை எடுத்துப் போய் மறுபடியும் நிரப்பி வைத்தாள்.

நானும் என்னால் இயன்றதைச் செய்தேன். அறுசுவையை நடத்தும்போது விரல்விட்டு எண்ணிக் காட்டுவது என் வழக்கம். அதே விரல்களை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சுவையாக அவளுக்குக் கொடுத்துப் பார்த்தேன். வெல்லம் கொணர்ந்தேன், "மண்ணாங்கட்டி" என்றாள். பழம்புளியை நாவில் வைத்தாள், முகம் மாறவில்லை. உப்புக்கல், "கல்லுதான் தெரியுது." பாகற்காயை வறுக்காமல் பிழியாமல் கொடுத்தேன், வெள்ளரிக்காயைத் தின்பது போலத் தின்றாள். பச்சை மிளகாயைக் கடித்ததும் கண்ணில் நீர் வழிந்தது, நான் மகிழ்ந்தேன். "எரியுதுங்க. ருசிக்கல. நெருப்புப் பட்டாக்கூடத்தான் எரியும்" என்று சொல்லிவிட்டு முகத்தைக் கழுவப் போனாள். விரல்கள் தீர்ந்தன. என் முயற்சியும் தீர்ந்தது.

எங்களுக்கு ஒரே மகள். பெங்களூரில் பெரிய விடுதியொன்றில் வேலை. விருந்தினருக்கு எந்த உணவோடு எந்தத் திராட்சை மது பொருந்தும் என்று சுவைத்து அறிந்து சொல்வது அவள் தொழில். விகாரையில் எவரேனும் கேட்டால், "ஓட்டலில் மேலாளர்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். அவளும் அதை அறிவாள். வீட்டுக்கு வரும்போது தன் தொழிலை மாரிகுப்பம் ரயில் நிலையத்திலேயே விட்டுவிட்டு வருபவள் போல, அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசமாட்டாள். தாயின் நிலையைப் பார்த்துக்கொள்ள நான்கு நாள் விடுப்பெடுத்து வந்தவளுக்கு, அடுத்த வாரம் தொழில்முறைத் தேர்வு ஒன்று இருந்தது. ஆதலால் இம்முறை தொழிலும் பையில் ஏறி வந்துவிட்டது.

புட்டிகளை அவள் மேசைமீது வைத்ததும் நான் செய்தித்தாளை மடித்தேன்.

"அம்மாகிட்ட போன்ல கேட்டுட்டுதான் எடுத்தாந்தேன்" என்றாள் மகள், நான் கேட்பதற்கு முன்பே.

"என்னிடம் கேட்கவில்லை."

"கேட்டா நீங்க லெக்சர் குடுப்பீங்க. அப்பா, இதக் குடிக்கப் போறதில்ல. வாயில வெச்சு, சுழட்டி, துப்பிடுவேன். தோ, சொம்பு."

அடுப்பங்கரையிலிருந்து மனைவியின் குரல் வந்தது: "துப்பறதுக்கா அத்தினி தூரத்துலேர்ந்து கப்பல்ல வருது? நல்லாக் கீதே ஒங்க வேல!"

துப்புவது குடிப்பதாகுமா, ஆகாதா என்று நான் சிந்தித்துக்கொண்டிருந்த பொழுதில் பக்கத்து வீட்டு அம்மையார் உள்ளே வந்தார். அவர் கிறித்தவர், கணவரை இழந்தவர், என் மனைவிக்கு நெடுங்காலத் தோழி. அன்று இருவரும் சேர்ந்து பிதுக்கம் பருப்பு எடுப்பதாக ஏற்பாடு. ஊறவைத்த அவரைக் கொட்டையை விரல்களுக்கிடையே அழுத்தித் தோலிலிருந்து பிதுக்கி எடுக்கும் வேலை அது. தை மாதத்தில் எங்கள் பக்கத்தில் அந்தப் பருப்பு வேகாத வீடு அரிது. என் மனைவிக்கு அது உயிர். அதாவது, முன்பு உயிர்.

அம்மையார் புட்டிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மார்பில் சிலுவையிட்டுக்கொண்டார். "சார் வூட்லயா! மாரிகுப்பம் ரயிலு தண்டவாளம் எறங்கிடும்போல கீதே. அதுவும் காலங்காத்தால!"

"காலையிலதான் ஆன்ட்டி வாய் சுத்தமா இருக்கும்" என்றாள் மகள்.

மேசையின் ஒரு பக்கம் இரு பெண்களும் அவரைப் பாத்திரத்தோடு அமர்ந்தார்கள். மறுபக்கம் மகள் மூன்று கண்ணாடிக் கிண்ணங்களை வரிசையாக வைத்தாள். நான் எழுந்து போயிருக்கலாம். ஆனால் அவள் என்னை நோக்கி ஒன்று கேட்டாள். அதைத் தமிழாசிரியனால் மறுக்க இயலவில்லை.

"நீங்க குடிக்க வேணாம்பா. மோந்து மட்டும் பாருங்க. எனக்கு வார்த்தை வேணும். புக்ல எல்லாம் செர்ரி, செடார், லெதர்னு போட்டிருக்கு. செர்ரின்னா எனக்கு கேக் மேல வெச்சதுதான் தெரியும். எக்ஸாம இங்கிலீஷ்ல எழுதிடுவேன். ஆனா ஞாபகம் தமிழ்லதானே நிக்குது?"

முகர்வதற்குச் சீலத்தில் தடையில்லை என்று முடிவு செய்து நாற்காலியை அருகே இழுத்துக்கொண்டேன்.

மூன்றுமே உலர்ந்த திராட்சையிலிருந்து எடுக்கப்பட்டவை என்று அவள் விளக்கினாள். வட இத்தாலியில் வெரோனா என்னும் ஊரை ஒட்டிய மலைச்சரிவுகளில், நன்கு பழுத்த குலைகளைப் பறித்தவுடன் பிழிவதில்லையாம். பரண்களில் தட்டுகளின்மேல் பரப்பி மூன்று நான்கு மாதம் காயவைப்பார்களாம்.

"வத்தல் போடறாங்கன்னு சொல்லேன்" என்றாள் மனைவி.

"வத்தல்தாம்மா. ஆனா வெயில்ல இல்ல. நெழல்ல. காத்து மட்டும் படணும். தண்ணியெல்லாம் போயி, பழம் சுருங்கி, சத்து மட்டும் நிக்கும். அப்பால குளிர் காலத்துல அதப் பிழிவாங்க."

"நாங்களும் கிறிஸ்மசுக்கு உலர்ந்த திராட்சதான் போடறோம்" என்றார் அம்மையார். "ஜாடியில போட்டு, சக்கரையப் போட்டு, துணியக் கட்டி, கட்டிலுக்கு அடியில தள்ளிடுவோம். இத்தாலிக்காரன் இன்னா பெருசா பண்ணிட்டான்?"

முதல் புட்டி அமரோனே. பெயருக்குப் 'பெருங்கசப்பு' என்று பொருளாம். இனிப்பாக எடுக்க வேண்டிய மதுவைப் பீப்பாயில் வைத்துவிட்டு எவரோ மறந்துபோக, இனிப்பெல்லாம் நொதித்துத் தீர்ந்து இந்த மது பிறந்ததாக அங்கே ஒரு கதை சொல்வார்களாம். "மறந்தவன் அன்னிக்கு பொண்டாட்டிகிட்ட நல்லா வாங்கிக் கட்டினிருப்பான்" என்றாள் என் மனைவி. கிண்ணத்தில் அது கருஞ்சிவப்பாக, விளக்கெண்ணெய் போலச் சற்றே கனத்து அசைந்தது. மூக்கை அருகே கொண்டு சென்றேன். தெளிந்த மதுவைப் பழந்தமிழ் 'தேறல்' என்று அழைக்கும். அச்சொல்லை ஆயிரம் முறை உச்சரித்திருக்கிறேன், அதன் மணத்தை அன்றுதான் அறிந்தேன். உலர்ந்த நாவற்பழம் என்றேன். பழைய மர அலமாரியைத் திறந்ததும் வரும் காற்று என்றேன். பிறகு வேறொன்றும் வந்தது. எனக்கு மிகவும் தெரிந்த ஒன்று. பிடிபட்டதும் சொன்னேன்: "முதல் மழை விழுந்த சயனைடு மேடு."

ஊரைச் சுற்றி மலைபோல் குவிந்து கிடக்கும் சுரங்கக் கழிவு மண்ணைத்தான் அப்படிச் சொல்கிறோம். மகள் வாய் நிறைய இருந்ததைச் சொம்பில் துப்பிவிட்டுச் சிரித்தாள். "கரெக்ட்பா! ஆனா இத எழுதினா எக்ஸாமினர் எழுந்து ஓடிடுவார்." ஓடினாலும் ஓடட்டும் என்று அதையும் குறித்துக்கொண்டாள்.

இரண்டாவது ரெச்சோத்தோ. 'காது' என்னும் சொல்லிலிருந்து வந்த பெயராம். திராட்சைக் குலையின் மேற்பகுதியில் காதுகள் போல இருபுறமும் பிரிந்து நிற்கும் சிறு கொத்துகளுக்கு வெயில் மிகுதி. அவற்றைத் தேர்ந்தெடுத்து எடுப்பது அது. இனிப்பானது. பக்கத்து வீட்டு அம்மையாருக்குப் பொறுக்கவில்லை. "எனக்குச் சீலம் கீலம் எதுவும் இல்ல, ஊத்து பாப்பா" என்று ஒரு மடக்கு வாங்கி, துப்பாமல் விழுங்கி, கண்களை மூடித் தீர்ப்பு வழங்கினார்: "எங்க வூட்டு வைனுக்கு இது பணக்காரச் சித்தி."

மூவரும் சிரித்துக்கொண்டிருந்தோம். என் மனைவியும் சிரித்தாள். ஆனால் கண்கள் பாத்திரத்திலேயே இருந்தன. பிதுக்கிய பருப்பு ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் விழுந்தது. சுவையைப் பற்றி ஒரு வீடே பேசிக்கொண்டிருக்கும்போது அவள் மட்டும் வெளியே நிற்கிறாள் என்பது எனக்குச் சட்டென்று உறைத்தது. பேச்சை மாற்றலாமென்று வாயெடுத்தேன். அதற்குள் மகள் மூன்றாவது கிண்ணத்தை வாயில் வைத்துவிட்டாள்.

அதன் பெயர் சாக்ரந்தீனோ. நடு இத்தாலியில் விளைவது. காயவைத்துப் பிழிவதால் இனிப்பு உண்டு. அந்த இனிப்புக்கு அடியில் வாயையே இறுக்கிப் பிடிக்கும் ஒன்றும் உண்டு. மகளின் கன்னங்கள் உள்ளொடுங்கின, கண்கள் சுருங்கின, உதடுகள் குவிந்து நின்றன. கற்றவளாயினும் தயாராக இருக்கவில்லை போலும்.

என் மனைவி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். "கடுக்கா துன்ன கொரங்கு மாதிரி கீது மூஞ்சி! எங்க, குடு. நானும் துப்பிக் காட்றேன்."

வேண்டாம் என்ற சொல் என் நாவின் நுனி வரை வந்தது. அங்கேயே நிறுத்தினேன். பதினைந்து மாதங்களில் அவள் தன் வாயில் வைப்பதற்கென்று ஒன்றைத் தானே கேட்டது அதுவே முதல் தடவை.

மகள் இரண்டு தேக்கரண்டி அளவுக்கு ஊற்றிக் கொடுத்தாள். மனைவி அவரை நீர் வழியும் கையால் கிண்ணத்தைப் பிடித்து, எங்களுக்குக் கூத்துக் காட்டுபவள் போலத் தலையை ஆட்டிவிட்டு வாயில் ஊற்றிக்கொண்டாள். மகளைப் போலவே சுழற்றினாள். அம்மையார் சொம்பை நீட்டினார். அவள் துப்பவில்லை.

சுழற்றுவது நின்றது. நாவு உள்ளே மேலண்ணத்தைத் தடவுவது கன்னத்தின் அசைவில் தெரிந்தது. மறுபடியும் தடவியது. முகத்திலிருந்த விளையாட்டு மெல்ல மறைந்தது.

"இன்னாக்கா, பிடிக்கலியா? துப்பிடு" என்றார் அம்மையார்.

கையை உயர்த்தி அவரைப் பேசாதிருக்கச் சொன்னாள். விழுங்கினாள். பிறகு, யாரோ தொலைவில் அழைப்பதைக் கேட்பவள் போலத் தலையைச் சாய்த்துக்கொண்டு அமர்ந்திருந்தாள்.

"தொவர்க்குது" என்றாள்.

எங்களுக்குப் புரியவில்லை.

"கன்னத்த உள்ளார புடிச்சி இழுக்குது. நாக்கு சொரசொரன்னு கீது. இனிப்பு தெரில, வாசன தெரில. ஆனா இது தொவர்ப்பு. எனக்குத் தெரியாதா? தொவர்க்குது பாப்பா!" அதன்பின் என் பக்கம் திரும்பினாள். குரல் இறங்கிப்போயிற்று. "இன்னாங்க... உள்ள இருந்து தட்றாங்க."

மற்ற இருவருக்கும் அந்தச் சொல்லின் முழுப்பொருள் உடனே எட்டியிராது. எனக்கு எட்டியது. எதிரே இருந்தவள் வெண்முடி கொண்ட என் மனைவி அல்லள். ஷாஃப்ட்டின் வாயில் சேலை முனையைப் பற்றி நின்ற சிறுமி. நான் அவளுடைய ஈரக் கையைப் பற்றிக்கொண்டேன். பிறர் முன்னிலையில் அவ்வாறு செய்பவன் நான் அல்லன். அம்மையார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "கடவுளே, இந்த வாத்தியாருக்கும் கை கால் கீது" என்றார்.

மகள்தான் முதலில் காரணத்தைப் பிடித்தாள். திராட்சைத் தோலிலும் விதையிலும் உள்ள துவர்ப்புப் பொருளுக்கு 'டானின்' என்று பெயராம். "புக்ல இத டேஸ்ட்டுன்னே சொல்றதில்லப்பா. தொடற உணர்ச்சின்னு சொல்றாங்க. அம்மாவுக்கு டேஸ்ட் போச்சு. தொடறது போகல." அவர்கள் அதைத் தொடுவுணர்வு என்று தள்ளி வைத்தார்கள், நம் முன்னோர் அதைச் சுவையென்று சேர்த்துக்கொண்டார்கள். எது சரி என்ற வழக்குக்கு அன்று எனக்கு மனமில்லை. வேறொரு கணக்கு என்னைக் குத்திக்கொண்டிருந்தது.

மேசைக்கு அடியில் விரல்களை எண்ணினேன். இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கைப்பு, கார்ப்பு. ஐந்து விரல்கள். அறுசுவை நடத்தியே காலம் கழித்த நான், ஆறாவதை என் மனைவிக்குக் கொடுத்துப் பார்க்கவே இல்லை. எங்கள் சமையலும் துவர்ப்பை அவளிடம் அண்டவிடவில்லை. வாழைப்பூவை மோரில் ஊறவைத்துத் துவர்ப்பை எடுக்கிறோம். வாழைக்காயை நீரில் போட்டு எடுக்கிறோம். பாக்குப் போடும் வழக்கம் அவளுக்கு இல்லை. அவளுள் உயிரோடு இருந்த ஒரே சுவையை நாங்கள் கழுவிக் கழுவிக் கொட்டிக்கொண்டிருந்தோம்.

"அப்போ தொவர்க்கறது எல்லாம் அக்காவுக்குத் தெரியும்ல?" என்று கேட்டுக்கொண்டே அம்மையார் எழுந்தார். அவர் வீட்டுக் கொல்லையில் நெல்லி மரம் உண்டு. சற்று நேரத்தில் முந்தானை நிறையக் காய்களோடு திரும்பினார். என் மனைவி ஒன்றைக் கடித்தாள். முகம் சுளித்தது. எங்கள் மூவருக்கும் அந்தச் சுளிப்பைவிட அழகான ஒன்றை அதுவரை கண்டதில்லை என்று தோன்றியது.

அவள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள். எனக்கோ அதன்மேல் கண் சென்றது. அடியில் சிறிது மிஞ்சியிருந்தது. அவள் எதை உணர்ந்தாளோ அதை நானும் உணர வேண்டும் என்ற ஆவல், என் வயதுக்குப் பொருந்தாத வேகத்தில் எழுந்தது. யாரிடமும் கேளாமல் எடுத்து வாயில் ஊற்றினேன். கருந்திராட்சையின் இனிப்பு முதலில் வந்தது. அதன் பின்னாலேயே அந்தப் பிடி. நாவும் கன்னமும் ஈறும் ஒருங்கே சுருங்கின. வாய்க்குள் ஒரு கை மூடிக்கொண்டது போல. சொம்பில் துப்பினேன். துப்பிய பிறகும் அது போகவில்லை.

"போச்சு, சீலம் போச்சு" என்றார் அம்மையார். "துப்பிட்டாருல்ல, வுடு" என்று எனக்காக வழக்காடினாள் மனைவி. "ஆனா நான் முழுங்கிட்டேனே!" என்று பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது. மகள் மேசைமேல் தலையைக் கவிழ்த்துச் சிரித்தாள். சிரிப்பினிடையே அழுதாள் என்பதைத் தோள் காட்டியது.

அன்று பகல் உணவுக்குப் பிதுக்கம் பருப்புக் குழம்பு. மனைவி தன் தட்டருகே நெல்லிக்காய்களை வைத்துக்கொண்டாள். ஒரு கவளம் சோறு. ஒரு கடி நெல்லி. துவர்ப்பைப் படியாக வைத்து ஏறுபவள் போல உண்டாள். யாரும் அவள் தட்டைப் பார்ப்பதாகக் காட்டிக்கொள்ளவில்லை; மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். தட்டு காலியாயிற்று. கரண்டியை எடுத்து இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டாள்.

நான் தண்ணீர்ச் சொம்பை எடுத்தேன். அவள் நிமிர்ந்தாள்.

"உப்பு எப்டி கீது? நெசமா சொல்லுங்க."

"மிகுதி" என்றேன். "ஒரு கரண்டி மிகுதி. பதினைந்து மாதமாகவே மிகுதிதான்."

"தெரியும்" என்றாள். "எத்தினி நாளு இந்த மனுசன் தண்ணியக் குடிச்சே காலத்த ஓட்றாருன்னு பாத்துக்கினுதான் இருந்தேன்."

அதற்குப் பின் எல்லாம் ஒரே நாளில் சீராகிவிட்டது என்று சொல்லமாட்டேன். மோரில் போடாத வாழைப்பூ, நீரில் ஊறாத வாழைக்காய், அத்திப்பிஞ்சு என்று துவர்ப்பையே நம்பிச் சில வாரங்கள் சமைத்தோம். உப்பு மட்டும் என் பொறுப்பாயிற்று. இப்போது மெய்யே சொல்கிறேன். பங்குனியில் ஒருநாள் வெல்லத்தை வாயில் அடக்கிக்கொண்டு, "மூலையில கொஞ்சூண்டு தெரியுது" என்றாள். புளிப்பு பின்னர் வந்தது. மணம் இன்னும் வரவில்லை, வராமலும் போகலாம். ஆனால் வளையல்கள் மணிக்கட்டிலேயே நிற்கின்றன.

மகள் தேறல் பற்றிய தேர்வில் தேறினாள். இச்சிலேடையை நான் தொலைபேசியில் சொன்னபோது, "இதுக்குத்தாம்பா உங்ககிட்ட எதுவும் சொல்றதில்ல" என்றாள். ஆயினும் அன்று முதல் தன் வேலையைப் பற்றி என்னிடம் நிறையவே சொல்கிறாள். அடுத்த முழுநிலா நாளில் சீலங்களை வழக்கம்போல் முன்மொழிந்தேன். ஐந்தாவதைச் சொல்லும்போது குரல் உயரவில்லை என்று நண்பர் ஒருவர் வியந்தார். நிகழ்ச்சி முடிந்து செருப்பை மாட்டும்போது, மகள் என்ன செய்கிறாள் என்று அவர் கேட்டார். "அவள் சுவைஞர்" என்றேன். தமிழில் அவ்வளவு நல்ல சொல் இருக்க, அதை அத்தனை ஆண்டுகள் அவளுக்குக் கொடுக்காமல் வைத்திருந்தேன்.

இப்போதும் உணவுக்கு அமரும்போது என் விரல்கள் தாமாகவே அறுசுவையை எண்ணத் தொடங்கும். ஐந்தில் கை தீர்ந்துவிடும். ஆறாவதற்கு, பக்கத்தில் நெல்லிக்காயைக் கடித்தபடி முகம் சுளிக்கும் அவளுடைய சுண்டுவிரலைத் தொட்டு எண்ணிக்கொள்கிறேன்.